கழுத்து ரத்தக்குழாயில் சிக்கிய பிளாஸ்டிக்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் கழுத்தின் இருபுறமும் ஓடுகின்றன. கரோட்டிட் தமனிகள் என்று பெயர். உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி மிகவும் குறுகிவிட்டால், அறுவை சிகிச்சை செய்து அந்தப் படிவை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த படிவுகளில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தது இத்தாலியில் ரஃபாயேலே மார்ஃபெல்லா தலைமையிலான மருத்துவக் குழு. முடிவுகள் 2024 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின.

257 நோயாளிகளில் 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. கேரி பையும் பால் பாக்கெட்டும் செய்யப்படும் அதே பொருள். 31 பேரிடம் பிவிசியும் இருந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், நோய் எதிர்ப்புச் செல்களுக்கு நடுவே ஓரம் சிதைந்த அந்நியத் துணுக்குகள் தெரிந்தன.

பிறகு ஏறத்தாழ 34 மாதங்கள் அவர்களைக் கண்காணித்தார்கள். பிளாஸ்டிக் இல்லாத 107 பேரில் 8 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களில் அந்த எண்ணிக்கை 30. மற்றக் காரணிகளைக் கணக்கில் கொண்ட பிறகும் ஆபத்து சுமார் 4.5 மடங்கு.

இதை வைத்துப் பிளாஸ்டிக்தான் மாரடைப்பைத் தந்தது என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பது ஆராயப்படவில்லை. ஆய்வகத்திலேயே துணுக்குகள் கலந்திருக்கும் வாய்ப்பையும் ஆய்வாளர்கள் முழுதாக மறுக்கவில்லை. ஆனாலும், இது அலட்சியப்படுத்தக்கூடிய எச்சரிக்கை அல்ல.

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளையே நுண்பிளாஸ்டிக் என்கிறோம். டயர் தேயும்போதும், பாலியஸ்டர் துணி துவைக்கும்போதும், வெயிலில் கிடக்கும் பை நொறுங்கும்போதும் அவை பிறக்கின்றன. உணவு, தண்ணீர், மூச்சுக்காற்று வழியே உள்ளே வருகின்றன. பெரியவை பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். சிக்கல் மிகச் சிறியவற்றால்தான். 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடியிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். என்னை மிகவும் கலங்கவைப்பது அதுதான்.

சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் பாத்திரம் எடுத்துப்போகலாம். பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் வைக்காமல் இருக்கலாம். இதெல்லாம் நம் கையில் இருக்கிறது. டயர் தூசியும் காற்றில் மிதக்கும் இழைகளும் நம் கையில் இல்லை. உலகம் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கும் மேல் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்கிறது. அதற்கு வரம்பு வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. பேச்சுவார்த்தையில் பல நாடுகள் வலியுறுத்தின. கழிவு மேலாண்மையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றன எண்ணெய் வள நாடுகள். கூட்டம் ஒப்பந்தம் இல்லாமலே முடிந்தது.