பற்றவைக்காத சிகரெட்டின் கணக்கு

குடியையோ புகையையோ விட நினைப்பவரிடம் செல்போன் செயலிகள் முதலில் சொல்வது, கணக்கு வையுங்கள் என்பதைத்தான். எத்தனை கிளாஸ், எத்தனை சிகரெட், குடிக்காமல் கடந்த நாட்கள் எத்தனை, இன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். யோசனை பழையது, அதிலுள்ள சிக்கலும் பழையது. 1970-இல் ரிச்சர்ட் மெக்ஃபால் என்ற அமெரிக்க உளவியலாளர், புகைபிடிக்கும் கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரைத் தாங்கள் பிடித்த சிகரெட்டுகளைக் குறிக்கச் சொன்னார். மற்றவர்கள், பிடிக்கத் தோன்றியும் பிடிக்காமல் விட்ட தருணங்களைக் குறித்தார்கள். முன்னவர்களிடம் புகைப்பது கூடியது, பின்னவர்களிடம் குறைந்தது. சின்னச் சோதனைதான், அதை வைத்துச் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் குறித்துவைக்கும் செயலே குறிக்கப்படுவதை மாற்றிவிடும் என்பதை அது காட்டியது. மீட்புக்கு உதவுவது, அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு வழிவிடும் கணக்கு மட்டுமே என்பது என் வாதம்.

எப்போது குறிக்கிறோம் என்பதும் அதில் அடக்கம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சால் ஷிஃப்மன், சிகரெட்டை விட முயன்றவர்களிடம் கையடக்கக் கணினிகளைக் கொடுத்து, அவர்களின் மனநிலையை நாளில் பலமுறை பதியவைத்தார். 2004-இல் வெளியான முடிவு சுவாரசியமானது: சறுக்கலுக்கு முன்னோடியாக இருந்தது நாள்கணக்கில் மெல்ல ஏறும் கவலை அல்ல, சறுக்கலுக்குச் சில மணி நேரம் முன்பு சட்டென்று மோசமாகும் மனநிலை. அப்படியானால் இரவு படுக்கப்போகும்போது நிரப்பும் படிவத்தில் சிக்குவது, பெரும்பாலும் நடந்து முடிந்த கதைதான். அந்தப் படிவத்தையும் முழுதாக நம்ப முடியாது. 2002-இல் ஆர்தர் ஸ்டோன் குழுவினர், நாள்பட்ட வலியுள்ள நோயாளிகளின் காகித நாட்குறிப்புகளுக்குள் ரகசியமாக ஒளி உணரிகளைப் பொருத்தினார்கள். சொன்ன நேரத்தில் 90 சதவீதம் எழுதியதாக நோயாளிகள் காட்டியிருந்தார்கள். உண்மையில் அந்நேரத்தில் எழுதப்பட்டவை 11 சதவீதம்.

சோர்ந்த மனத்தைத் தினமும் அளக்கச் சொன்னால் சோர்வு கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டென்மார்க்கில் இருமுனை மனநோய் உள்ள 78 பேரிடம் நடந்த மோனார்கா ஆய்வு, ஸ்மார்ட்போனில் அன்றாடம் மனநிலையைப் பதிவதால் மொத்தத்தில் பலன் தெரியவில்லை என்று 2015-இல் அறிவித்தது. ஒரு பிரிவினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் சற்று கூடுதலாகவே நீடித்தன. இத்தனைக்கும் அந்தப் பதிவுகளைக் கவனிக்க ஒரு செவிலியர் இருந்தார். எனவே யாராவது பார்த்தால் போதும் என்ற சமாதானம் எடுபடாது. இதற்கு எதிராக நிற்பது, விஸ்கான்சினில் டேவிட் கஸ்டஃப்சன் குழு உருவாக்கிய ஏ-செஸ் செயலி. குடிநோய்க்கு உள்நோயாளியாகச் சிகிச்சை முடித்து வெளியேறிய 349 பேரிடம் நடந்த சோதனையில், செயலி பெற்றவர்கள் அளவுமீறிக் குடித்த நாட்கள் மாதத்துக்குச் சராசரியாக 1.39, பெறாதவர்களுக்கு 2.75. அதிலும் சுயபதிவு இருந்தது. கூடவே, வழக்கமாகக் குடிக்கும் இடத்தை நெருங்கினால் எச்சரிக்கையும், தவிப்பு வந்தால் அழுத்தி உதவி பெற ஒரு பொத்தானும் இருந்தன. எந்த அம்சம் எவ்வளவு பங்களித்தது என்று அந்த ஆய்விலிருந்து பிரித்தெடுக்க முடியாதுதான். ஆனாலும் மனநிலைக்கு மதிப்பெண் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் தெளிவு.

குடிக்காத நாட்களை எண்ணும் செயலிகளைப் பற்றி எனக்கு அதிகத் தயக்கம் உண்டு. ஒருமுறை தவறியவர், ‘இனி என்ன, எல்லாம் போச்சு’ என்று முழுதாகக் குடிக்குள் விழும் மனப்போக்கை உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக விளக்கியிருக்கிறார். இருநூறு நாள் தாக்குப்பிடித்தவரின் திரையில் ஒரே இரவில் பூஜ்யம் காட்டும் செயலி அதற்குத் தூபம் போடுகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிமீட்புக் குழுவின் கூட்டங்களிலும் நாட்களை எண்ணிப் பதக்கம் கொடுக்கிறார்களே என்பார்கள். கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே பூஜ்யத்துக்குத் திரும்பியவருக்கும் உட்கார நாற்காலியும் பேச ஆளும் உண்டு.

மிச்சமிருப்பது அந்தரங்கம். மான்யுமென்ட் என்ற குடிநோய் சிகிச்சை நிறுவனம் பயனர்களின் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் நடவடிக்கை எடுத்தது. இதற்குப் பயந்து கணக்கையே விடவேண்டியதில்லை. ஆபத்து நேரத்தில் ஆளை அழைக்கத்தான் இணையம் வேண்டும். அடக்கிய ஆசையைக் குறிக்கச் சட்டைப்பை நோட்டும் பென்சிலும் போதும், ஆசை அடங்கிய கையோடு குறித்தால்.