மெட்டு யாரோடது?

மயிலாப்பூர் சபா கச்சேரியில ‘குருவாயூரப்பனே அப்பன்’ பாடினா, “இயற்றியவர் அம்புஜம் கிருஷ்ணா”ன்னு அறிவிப்பாங்க. மதுரையில வாழ்ந்தவங்க (1917–1989). சாகித்யம் அவங்களது. மெட்டமைச்சவங்க? அவங்க பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டது வி.வி. சடகோபன், ராம்நாட் கிருஷ்ணன், டி.என். சேஷகோபாலன் போன்ற வித்வான்கள்.

ஜெர்மனியில இது தலைகீழ். 1841-ல ரூக்கர்ட்டின் கவிதைகளுக்கு க்ளாரா ஷூமான் இசையமைச்சாங்க. அங்க கம்போசர்னா க்ளாராதான், கவிஞர் இல்ல.

நம்ம மரபுல சொல்லையும் இசையையும் ஒருத்தரே செஞ்சாதான் வாக்கேயகாரர். அதனால பெண் வாக்கேயகாரர்களைத் தேடும்போது ரெண்டு கேள்வி கேக்கணும்: சொல் யாரோடது, மெட்டு யாரோடது? மேடையில ரெண்டு பேரையும் சொல்லலாமே. அம்புஜம் அம்மாவோட பெருமை அதனால துளிகூடக் குறையாது.