சத்துணவுத் தட்டில் இன்னும் சேர வேண்டியவை

காலையில் என்ன சாப்பிட்ட?

இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், அரசுப் பள்ளி ஆசிரியர் முதலில் கேட்பது "காலையில் என்ன சாப்பிட்ட?" என்றுதான். "டீ குடிச்சேன் டீச்சர்" என்பதே பல நேரம் பதிலாக இருக்கும். பிள்ளையின் தாயைக் குறை சொல்ல முடியாது. விடியுமுன்னே களையெடுக்கவோ, பனியன் கம்பெனி வேனைப் பிடிக்கவோ கிளம்ப வேண்டியவர் அவர். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட குழந்தை, மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குச் சத்துணவு மணி அடிக்கும்வரை பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருந்தால் என்ன ஆகும்? வளரும் பிள்ளையின் மூளைக்கு இடைவிடாமல் குளுக்கோஸ் வேண்டும். அதைச் சேர்த்துவைக்கும் ஈரலோ சிறியது. அந்த நிலையில் வாய்ப்பாடு கேட்டால் எங்கிருந்து வரும்?

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி போட்ட சாம்பார். கிராமங்களில் இதைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் அம்மாக்களே அடுப்படியில் நிற்பது இந்தத் திட்டத்தின் பெரிய பலம்.

ஓர் அணாவில் தொடங்கியது

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பி. தியாகராயர், ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வழிசெய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவழிக்கலாம் என்பது அன்றைய கணக்கு. 1956-ல் காமராசர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நாடு முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28-ல் உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டின் சத்துணவுக்கு வயது ஏறக்குறைய இருபது.

பசியை விரட்டும் வேலையை இந்தத் திட்டம் செய்துகாட்டிவிட்டது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கை தினமும் பதிவேட்டில் ஏறுகிறது. சாப்பிட்டதிலிருந்து பிள்ளையின் இரத்தத்தில் போய்ச் சேர்ந்தது என்ன என்பதை யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்பதில்லை. இனி அதைத்தான் கேட்க வேண்டும்.

வயிறு நிறைந்தும் தீராத சோகை

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கும், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இது பாதிக்கு மேல்தான். இந்த இரண்டு வயதுக்கும் நடுவில் இருப்பது பள்ளிப் பருவம். சிறு வயதில் வந்த சோகையைச் சரிசெய்யவும், வயதுக்கு வரும் பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்தைச் சேர்த்துவைக்கவும் நமக்குக் கிடைக்கும் காலம் அதுதான்.

சோகை உள்ள பிள்ளை நோயாளிபோலத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடும். இரண்டாவது மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்கும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் வெளிறிக் கிடக்கும். சாக்பீஸ், பச்சரிசி, மண், சிலேட்டுக் குச்சி தின்னும் பழக்கம் இருந்தால் அது குறும்பு அல்ல. உடம்பில் இரும்புச் சத்து குறைந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். அடிப்பதால் அந்தப் பழக்கம் போகாது. இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

வெறும் சோற்றில் இரும்பு மிகக் குறைவு. கீரை, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் இருக்கிறது. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் உறிஞ்சிக்கொள்ளாது. அதற்குத் துணையாக வைட்டமின் சி வேண்டும். எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், தக்காளி, கொய்யா ஆகியவை அந்த உதவியைச் செய்யும். சுண்டலில் அரை மூடி எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டும் அல்ல என்பதைச் சமையலர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், அவர்கள் மறக்க மாட்டார்கள். அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து வீணாகிவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலும் உணவிலுள்ள இரும்பு சரியாகச் சேராது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் வேர்விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு.

சோகையை எதிர்த்து அரசு ஏற்கெனவே சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. தமிழ்நாடு உப்பு நிறுவனம் தயாரிக்கும், இரும்பும் அயோடினும் கலந்த உப்பு சத்துணவில் சேர்கிறது. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி வருகிறது. சாதாரண அரிசி நூறுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்படும் அந்த மணிகள் தண்ணீரில் மிதக்கலாம், நிறம் சற்று மாறியிருக்கலாம். அதைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அரிசி மாவில் சத்துகளைப் பிசைந்து மணியாக அச்சிட்டதுதான் அது. எறிவது சத்தையே எறிவதாகும்.

அடுத்தது வாரம் ஒரு மாத்திரை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட நீல மாத்திரை பள்ளியிலேயே தரப்படுகிறது. இதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு குமட்டல் வந்தவுடன், அடுத்த வாரம் ஜன்னல் வழியே வீசிவிடும் பிள்ளைகள் நிறைய. மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, ஆசிரியர் முன்னால் விழுங்கவைத்தால் பெரும்பாலும் குமட்டாது. மலம் கறுப்பாகப் போவது இயல்புதான், பயப்பட வேண்டாம். தாலசீமியா போன்ற பிறவி இரத்தக் கோளாறு உள்ள பிள்ளைகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடக் கூடாது. கொக்கிப்புழு வயிற்றில் இருந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் எந்தச் சத்துணவும் உடம்பில் ஒட்டாது.

முட்டை ஒரு பெரும் வெற்றி

1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தட்டுக்கு வந்த முட்டை, 2010-ல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. இந்தியாவின் பல மாநிலங்கள் முட்டை கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் வாதம் செய்துகொண்டிருக்கும்போது, தமிழ்நாட்டில் ஆட்சிகள் மாறியும் முட்டை நிற்கவில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், வைட்டமின் ஏ, பி12, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் எல்லாம் இருக்கின்றன. வீட்டில் வாரம் ஒரு முட்டைகூடப் பார்க்காத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய துணை! 2013-ல் சோதனையாகத் தொடங்கிய கலவை சாத முறையில் அது மிளகு முட்டையாகவும் தக்காளி மசாலா முட்டையாகவும் மாறியபோது, அவித்த முட்டையை ஒதுக்கிய பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் இருக்கிறது. வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் முட்டைக்கு ஈடாகாது. ஒரு பழத்தில் ஒரு கிராம் அளவே புரதம் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சுண்டலோ நிலக்கடலையோ கொடுத்தால் கணக்கு ஓரளவு நேராகும்.

காய்கறி குறையும் இடம்

மத்திய அரசின் அளவுகோல்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும். காய்கறி முறையே 50 கிராம், 75 கிராம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அரசே மூட்டையாகவும் பாக்கெட்டாகவும் அனுப்புவதால் அவற்றில் பெரிய குறை வராது. காய்கறியை மட்டும் சத்துணவு அமைப்பாளர் உள்ளூர்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவர் கையில் உள்ள தொகை அப்படியே இருக்க, தக்காளியும் வெங்காயமும் ஒரே மாதத்தில் இரண்டு மூன்று மடங்கு விலையேறும். அப்போது சாம்பாரில் மிதப்பது இரண்டு முள்ளங்கித் துண்டுகளாகச் சுருங்குகிறது. இதற்கு அமைப்பாளரைத் திட்டிப் பயனில்லை. காய்கறிக்கான தொகையைச் சந்தை விலையோடு சேர்த்து உயர்த்துவதுதான் நேரான தீர்வு. அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது பள்ளித் தோட்டம். கைகழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி, வேலியோரம் தவசிக்கீரை, கறிவேப்பிலை. அதிகக் கவனிப்பு இல்லாமலே இவை வளரும். முருங்கைக் கீரையில் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் ஏ மூன்றும் உண்டு. வாரம் இரண்டு நாள் ஒரு பெரிய கைப்பிடி சாம்பாரில் விழுந்தாலே வித்தியாசம் இருக்கும். விதை போட்டுத் தண்ணீர் ஊற்றிய பிள்ளை அந்தக் கீரையை ஒதுக்கிவைப்பதும் குறைகிறது.

சமைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நறுக்குவதற்கு முன் கழுவ வேண்டும். நறுக்கிக் கழுவினால் நீரில் கரையும் வைட்டமின்கள் சாக்கடைக்குப் போகும். சோற்றை வடிக்காமல் பொங்கினால் நல்லது. காரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கிப் போட்டால் சின்னப் பிள்ளைகளால் பொறுக்கி எடுக்க முடியாது.

இரண்டு ஜூலை 16-கள்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. 2013 ஜூலை 16. பீகாரின் சரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். முதல் துயரத்துக்குப் பிறகு தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இரண்டாவதற்குப் பிறகு, பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் உட்படப் பெரியவர்கள் ருசி பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி நாடு முழுவதும் அழுத்தமாக வலியுறுத்தப்பட்டது.

ருசி பார்த்ததற்கான பதிவேடு இன்று எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. சாப்பிடாமலே கையெழுத்துப் போடும் பழக்கம் எங்காவது இருந்தால் அது உயிரோடு விளையாடுவது. ஒரு பிடி வாயில் போட்டு, வாடையோ கசப்போ தெரிந்தால் மொத்த அண்டாவையும் கொட்டிவிடும் துணிவு தலைமையாசிரியருக்கு வேண்டும். பூச்சிமருந்து, பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் சமையல் பொருள் இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. காலி மருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றிவைக்கவே கூடாது. கழுவினாலும் விஷம் போகாது. சமைத்த சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடந்தால் கிருமி பெருகும். அந்தக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. காலையில் மிஞ்சிய கிச்சடியை மதியத்துக்கு எடுத்துவைக்காதீர்கள். சாப்பிடும் முன் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவ, தண்ணீர் வரும் குழாய் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சோப்பு இல்லாமல் கழுவினால் பாதிக் கழுவல்தான்.

சமைப்பவரின் மரியாதை

2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்தார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகும் சில ஊர்களில் இதே கொடுமை நடந்தது. சாதியைக் காரணம் காட்டித் தன் பிள்ளையின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கும் பெற்றோர், அந்தப் பிள்ளைக்குப் பட்டினியையும் வெறுப்பையும் ஒரே தட்டில் பரிமாறுகிறார்கள். இதில் விட்டுக்கொடுக்கவோ சமாதானம் பேசவோ எதுவும் இல்லை. சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும், அதே பெண்ணே தொடர்ந்து சமைக்க வேண்டும்.

குறைந்த ஊதியத்தில் வேலை செய்பவர்கள் சத்துணவு ஊழியர்கள். காலியிடங்கள் நிரப்பப்படாததால் பல இடங்களில் ஓர் அமைப்பாளரே இரண்டு மூன்று மையங்களைப் பார்த்துக்கொள்கிறார். ஆள் இல்லாத சமையலறையில் சுத்தமும் சத்தும் எப்படி வரும்? இந்தக் காலியிடங்களை நிரப்புவதும் உடல்நலத்துக்கான வேலைதான்.

வாசலுக்கு வெளியே ஐந்து ரூபாய்ப் பாக்கெட்

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2020 விதிகள்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நடைமுறையில் பல பள்ளிகளின் எதிர்க் கடையில் அவைதாம் சரம் சரமாகத் தொங்குகின்றன. இடைவேளையில் அதைத் தின்ற பிள்ளை மதியம் முட்டையை நண்பனிடம் கொடுத்துவிடுகிறது. 2016–18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பருவப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் நீரிழிவின் முன்நிலையில் இருப்பது தெரிந்தது. மெலிந்த பிள்ளைக்கும் இந்த ஆபத்து உண்டு. கைச்செலவுக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு கொய்யாவோ கடலை மிட்டாயோ வாங்கச் சொல்லிப் பழக்குங்கள்.

அடுத்த தலைமுறைக்கும் சேரும் சோறு

2021-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் சிறுவயதில் பள்ளி மதிய உணவு கிடைத்த பெண்களுக்குப் பிறகு பிறந்த குழந்தைகள், வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருப்பதைக் காட்டியது. இன்று ஆறாம் வகுப்பில் தட்டு ஏந்தி நிற்கும் பெண் பிள்ளைக்கு விழும் கரண்டிச் சோறு, பதினைந்து ஆண்டுகள் கழித்து அவள் மடியில் தவழும் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். கட்டட வேலையைப் பற்றிப் பேசி முடித்ததும் சமையலறையைப் பற்றியும் கேளுங்கள். இன்று என்ன காய், எத்தனை கிலோ, எத்தனை பிள்ளைகளுக்கு? ருசி பார்த்தவர் யார்? கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நிறை குறைகளைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிட்டு வாருங்கள்.