கோடைக்குப் பணக்காரர்கள், குளிருக்கு அகதிகள்: ஒரு செக் கிராமத்தின் கதை

செக் குடியரசின் தலைநகர் பிராகிலிருந்து தென்மேற்கே ரயில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் வந்துவிடும் குட்டி கிராமம் விஷெனோரி. பெரௌன்கா ஆறு, காடு சூழ்ந்த மலைச்சரிவு, அங்கங்கே பழைய வில்லாக்கள். இவற்றில் பல, வருஷம் முழுக்கக் குடியிருக்கக் கட்டப்பட்டவை இல்லை. அப்போ யாருக்காக?

ரயில் கொண்டுவந்த சீசன்

1862-ல் பெரௌன்கா பள்ளத்தாக்கு வழியாக பிராக் - பில்சன் ரயில் பாதை திறக்கப்பட்டது. நகரத்துப் புகையிலிருந்து தப்பிக்க நினைத்த வசதியான குடும்பங்களுக்கு ஆறும் காடும் பக்கமாகிவிட்டன. சிலர் வில்லா கட்டினார்கள். மற்றவர்கள் கோடை மாதங்களுக்கு மட்டும் அறை வாடகைக்கு எடுத்தார்கள். மனைவி, குழந்தைகள் கிராமத்தில் தங்க, குடும்பத் தலைவர் ரயிலில் வேலைக்குப் போய்வரலாம். செக் மொழியில் இதற்கு 'லெத்னீ பித்' என்று பெயர். கோடைக் குடியிருப்பு என்று அர்த்தம்.

சீசன் முடிந்தால்?

கோடை முடிந்ததும் அறைகள் காலி. அந்தக் காலி அறைகள்தான் 1920-களில் வேறொரு கூட்டத்துக்குக் கைகொடுத்தன.

ரஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு நாட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு, அதிபர் மசாரிக் தலைமையிலான செக்கோஸ்லோவாகியா 1921 முதல் உதவித்தொகை கொடுத்தது. ஆனால் அந்தப் பணத்தில் பிராக் வாடகை கட்டுப்படியாகாது. அதனால் பலர் பெரௌன்கா கரை கிராமங்களுக்கு வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ரஷ்யக் கவிஞர் மரீனா ஸ்வெதாயெவா. கணவர் செர்கெய் எஃப்ரோன் பிராக் பல்கலைக்கழக மாணவர். சுற்றுப்புற கிராமங்களில் மாறி மாறிக் குடியிருந்த குடும்பம், 1924 இலையுதிர்காலத்தில் விஷெனோரிக்கு வந்தது.

உல்லாசத்துக்கு வந்தவர்களுக்கு இது நதிக்கரை சொர்க்கம். இவருக்கோ விறகு பொறுக்கி அடுப்பு மூட்ட வேண்டிய குளிர்காலம். 1925 பிப்ரவரி 1-ம் தேதி மகன் கியோர்கி இங்கேதான் பிறந்தான். கைக்குழந்தையோடு, அதே வருஷம் 'எலி பிடிப்பவன்' என்ற நெடுங்கவிதையையும் இங்கேதான் தொடங்கினார். இலையுதிர்காலத்தில் குடும்பம் பாரிஸ் கிளம்பியது.

மறக்காத கவிஞர்

ஸ்வெதாயெவா அதன்பிறகு செக் மண்ணுக்குத் திரும்பவே இல்லை. ஆனால் 1938-39-ல் ஹிட்லரின் ஜெர்மனி அந்த நாட்டைத் துண்டாடி விழுங்கியபோது, பிரான்ஸில் இருந்தபடி செக் நாட்டுக்காக ஒரு கவிதை வரிசையே எழுதினார். இடம் கொடுத்த நாட்டுக்கு ஓர் அகதியால் கொடுக்க முடிந்தது அதுதான்.

இன்று விஷெனோரியில் வருஷம் முழுக்க ஆட்கள் வசிக்கிறார்கள். பலர் அதே பாதையில் ரயிலேறி பிராகுக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.