அப்பாவின் டிசெபிலிட்டி பென்ஷன் ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது?

ராணுவத்தில் இருந்து திரும்பியவருக்குக் காயம் முழங்காலில் இருக்கலாம், முதுகில் இருக்கலாம், பீரங்கிச் சத்தம் கேட்டுக் கேட்டுப் போன காதில் இருக்கலாம். அதற்கான ஓய்வூதியம் மட்டும் எங்கோ ஒரு ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல் எந்த ஊரில், யார் மேஜையில் இருக்கிறது என்று தெரியாமலேயே பல குடும்பங்களில் வருடங்கள் ஓடிவிடுகின்றன. செல்போனில் ஸ்டேட்டஸ் பார்த்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் மகனுக்கோ மகளுக்கோ வருகிறது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது, அண்ணா சாலை தேனாம்பேட்டையில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் சென்னை அலுவலகம். கதவு எண் 618. ஆட்டோ பிடித்தால் பத்து, இருபது நிமிடம். ஸ்பர்ஷ் தளத்தில் லாகின் பிரச்னை, ஆயுள் சான்று, வங்கிக் கணக்கு மாற்றம் போன்றவற்றுக்கு அங்கே போவது சரிதான். ஆனால், காயத்துக்குப் பென்ஷன் உண்டா, இல்லையா என்ற முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. இது தெரியாமல் அலைபவர்கள் நிறைய.

முடிவு தொடங்கும் இடம் ரெக்கார்ட் ஆபீஸ். அது வீட்டு முகவரியைப் பொறுத்தது இல்லை, பணியாற்றிய படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பீரங்கிப் படை என்றால் நாசிக். ஈ.எம்.ஈ என்றால் செகந்திராபாத். விமானப் படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த். ஒரே தெருவில் வசிக்கும் மூன்று முன்னாள் வீரர்களின் ஃபைல்கள் மூன்று மாநிலங்களில் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டு அதே வழியில் போனால் நம் வேலை நடக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

தரைப்படையில் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானவர்களுக்கு, ரெக்கார்ட் ஆபீஸைத் தாண்டிய ஃபைல் பிரயாக்ராஜ் திரௌபதி காட்டில் இருக்கும் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போகும். பழைய கடிதங்களில் 'அலகாபாத்' என்று இருப்பது இதே அலுவலகம்தான். பென்ஷனை மஞ்சூர் செய்து பி.பி.ஓ போடுவது அவர்கள். கடற்படைக்கு அந்த வேலையை மும்பையும், விமானப் படைக்கு டெல்லியும் செய்கின்றன.

ஸ்பர்ஷில் என்ன தெரியும், என்ன தெரியாது?

2021-ல் நடைமுறைக்கு வந்த 'ஸ்பர்ஷ்' இணையதளம், வங்கிகள் வழியே நடந்துகொண்டிருந்த பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் இதில் இருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் பி.பி.ஓ, மாதம் எவ்வளவு வந்தது, அதில் சர்வீஸ் எலிமென்ட் எவ்வளவு, டிசெபிலிட்டி எலிமென்ட் எவ்வளவு என்பதெல்லாம் பிரித்துத் தெரியும். புகார் பதிவு செய்து அதன் எண்ணை வைத்துத் தொடரவும் முடியும்.

தெரியாதது எது? ஃபைல் ரெக்கார்ட் ஆபீஸிலேயே நின்றுவிட்டால் அதன் காரணம். ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பினால்தானே பிரயாக்ராஜில் ஒரு எண் உருவாகும்? எண்ணே இல்லாத கோரிக்கையை ஸ்பர்ஷில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதனால் ஸ்டேட்டஸ் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'ரெக்கார்ட் ஆபீஸ் என் கோரிக்கையை அனுப்பிவிட்டதா, எந்தத் தேதியில், எந்த எண்ணில்?' படை எண், பதவி, பெயர், ஓய்வு பெற்ற தேதி இவற்றோடு பதிவுத் தபாலில் கேட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. போனில் சொன்ன பதிலுக்கு நாளை சாட்சி கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இனிஷியல்! ராணுவ ஆவணத்தில் எஸ்.முருகன், ஆதாரில் முருகன் சுப்பிரமணியன், பான் கார்டில் சுப்பிரமணியன் முருகன் என்று இருந்தால் கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர். மனைவியின் பெயர் எழுத்துப்பிழை, பிறந்த தேதி வித்தியாசம் என்றால் ரெக்கார்ட் ஆபீஸில் 'பார்ட் டூ ஆர்டர்' வழியாகத் திருத்த வேண்டியிருக்கும். இது டிசெபிலிட்டி பென்ஷனோடு சம்பந்தம் இல்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால், நாளை குடும்ப ஓய்வூதியம் வரை இழுத்துவிடக்கூடியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஸ்பர்ஷில் இருந்து பேசுகிறோம், ஆயுள் சான்று முடிந்துவிட்டது, ஓ.டி.பி சொல்லுங்கள்' என்று யார் பேசினாலும் அப்பா பதில் சொல்ல வேண்டாம்.

'நானா?'

ஃபைல் நகர்ந்து, கடைசியில் 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தால்? அந்தக் கடிதத்தில் பெரும்பாலும் இருக்கும் நான்கு எழுத்துகள் 'என்.ஏ.என்.ஏ'. பணியால் ஏற்பட்டதும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்று பொருள். முன்னாள் வீரர்கள் இதைச் சேர்த்து 'நானா' என்றே சொல்வார்கள். 'இந்த நோய்க்குக் காரணம் நானா?' என்று தமிழில் கேட்பது போலவே இருக்கிறது!

முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெறுபவருக்கு இந்தப் பென்ஷன் கிடைக்க இரண்டு நிபந்தனைகள். உடல் பாதிப்பு 20 சதவிகிதமாவது இருக்க வேண்டும். அது ராணுவப் பணியால் ஏற்பட்டதாகவோ, மோசமானதாகவோ இருக்க வேண்டும். இரண்டையும் குறிப்பது ஓய்வின்போது நடக்கும் மெடிக்கல் போர்டு. அதன் படிவம்தான் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. ஒரு வீரருக்கு ரத்த அழுத்தம் எங்கே ஆரம்பித்தது, எல்லைப் பகுதியிலா, அமைதியான கன்டோன்மென்ட்டிலா என்ற ஒரு வரியில் பென்ஷனே மாறிவிடலாம். இதய நோய் என்றால், அது தாக்குவதற்கு முந்தைய 14 நாள்களில் அவர் என்ன வேலை பார்த்தார் என்ற விவரத்தையும் பார்ப்பார்கள். அந்த விவரத்தை எழுதித் தருவது யூனிட். அது மேலோட்டமாக எழுதப்பட்டிருந்தால் வீரருக்குத்தான் நஷ்டம்.

இந்த இடத்தில் ஒரு சிப்பாயின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரம்வீர் சிங். 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய், 20 சதவிகித பாதிப்பு என்று சொல்லி 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 'இது பிறவியிலேயே உடலில் இருக்கும் தன்மை, பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று மெடிக்கல் போர்டு எழுதியது, பென்ஷன் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலை 2-ல் தீர்ப்பு வந்தது. பணியில் சேரும்போது மருத்துவச் சோதனையில் எந்தக் குறையும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. காரணம் எழுதாமல் வெறுமனே 'தொடர்பில்லை' என்று சொன்னால் போதாது. இன்றும் டிசெபிலிட்டி பென்ஷன் வழக்குகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளில் இது ஒன்று.

வீட்டுக்கு அனுப்பப்பட்டதில் இருந்து தீர்ப்பு வரை 19 வருடங்கள். ஒரு சிப்பாய்க்கு இது நியாயமான காலமா என்ன?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அந்தத் தேதிக்குப் பிறகு ஓய்வு பெற்றவர், பழைய விதிகளின் கீழ் வந்த தீர்ப்பு தனக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆறு மாதக் கணக்கு

நிராகரிப்புக் கடிதம் கையில் கிடைத்த தேதியைத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதில் இருந்து 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் மீண்டும் 6 மாதத்துக்குள் இரண்டாவது. இந்த இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை, எளிய ஆங்கிலக் கடிதம் போதும். ஆனால், கையில் மெடிக்கல் போர்டு பேப்பர் இல்லாமல் எழுதப்படும் மேல்முறையீடு இருட்டில் கல் எறிவது மாதிரிதான். டாக்டர் என்ன எழுதினார் என்றே தெரியாமல் அதை எப்படி மறுப்பது?

பேப்பர் இல்லை என்றால் ஆர்.டி.ஐ இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பணியில் சேர்ந்தபோது நடந்த மருத்துவச் சோதனை, ஓய்வின்போது நடந்த மெடிக்கல் போர்டு, நிராகரிப்பு முடிவின் நகல் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடையாறில் இருந்துகொண்டே ஜபல்பூரிடம் கேட்கலாம். மனு எழுதத் தயக்கம் இருப்பவர்கள், பெரியமேட்டில் இயக்குநரகம் வைத்திருக்கும் தமிழக அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையை, அதன் மாவட்ட அலுவலகம் வழியாக அணுகலாம்.

மேல்முறையீட்டுக்கு 6 மாதம் ஆகியும் பதிலே வரவில்லை என்றால் அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 2007-ம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டப்படி, பதில் வராததையே காரணமாகக் காட்டித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் சென்னைக் கிளை தமிழ்நாடு, புதுச்சேரி வழக்குகளை விசாரிக்கிறது. அமர்வில் ஒரு நீதித்துறை உறுப்பினரும், படையில் உயர் பதவி வகித்த ஒருவரும் இருப்பார்கள். 14 நாள் டியூட்டி என்றால் என்ன என்று அங்கே விளக்கத் தேவையில்லை.

தாமதம் எவ்வளவு பணத்தைத் தின்னும் என்பதற்கு தர்சேம் சிங் வழக்கு இருக்கிறது. 1983-ல் உடல்நிலை காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் கிடைத்தது. ஆனால், 2008-ல் உச்ச நீதிமன்றம் அவருடைய நிலுவையை, வழக்குப் போட்டதற்கு முந்தைய சுமார் 3 ஆண்டுகளோடு நிறுத்திவிட்டது. மீதி 12 வருடங்களுக்கு மேலான தொகை போனது போனதுதான்.

ஏற்கெனவே வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது

பென்ஷன் வந்துகொண்டிருக்கும் வீடுகளிலும் ஒருமுறை பி.பி.ஓ-வை எடுத்துப் பார்ப்பது நல்லது. 100 சதவிகித பாதிப்புக்கு, கணக்கில் கொள்ளும் கடைசி ஊதியத்தில் 30 சதவிகிதம் டிசெபிலிட்டி எலிமென்ட். பாதிப்பு குறைந்தால் தொகையும் அதற்கேற்பக் குறையும். உதாரணத்துக்கு, அந்த ஊதியம் 50,000 ரூபாய், பாதிப்பு 20 சதவிகிதம் என்றால் மாதம் 3,000 ரூபாய். இதுவே 50 சதவிகிதமாக உயர்த்திக் கணக்கிடப்பட்டால் 7,500. இதற்கு மேல் அகவிலை நிவாரணம் தனி.

இந்த உயர்த்தலுக்கு 'ரவுண்டிங் ஆஃப்' என்று பெயர். 50-க்குக் கீழ் என்றால் 50, 50 முதல் 75 வரை என்றால் 75, அதற்கு மேல் 100. முதலில் பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்றது அரசு. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், முழுப் பணிக்காலம் முடித்தவர்களுக்கும் உண்டு என்றது. அதற்கு முன் ஓய்வு பெற்ற ஒருவரின் பி.பி.ஓ-வில் இன்னும் 20 அல்லது 30 சதவிகிதம் என்றே இருந்தால், அது ஏன் என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி போன்ற இடங்களில், பயிற்சியின்போதே அடிபட்டு வெளியேற்றப்படும் கேடட்டுகள். பணியில் சேரும் முன்பே காயம் என்பதால் அவர்கள் 'முன்னாள் படைவீரர்' கணக்கில் வருவதில்லை. பென்ஷனுக்குப் பதில் மாதந்தோறும் ஒரு கருணைத்தொகை மட்டுமே. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்தது. அதன் பிறகு அவர்களை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ்-ஸில் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது.

கடைசியாக, வீட்டுக்காரர் இறந்துவிட்டார், இனி கேட்டு என்ன ஆகப்போகிறது என்று ஃபைலை மூட்டை கட்டிவைக்கும் அம்மாக்களுக்கு. அவர் உயிரோடு இருந்த காலத்துக்குச் சேர வேண்டிய பாக்கியை வாரிசுகள் கேட்கலாம். 'எல்.டி.ஏ' என்பது அதற்கான பெயர். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ, மெடிக்கல் பேப்பர், நிராகரிப்புக் கடிதம் எதையும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டாம்.