விரலுக்கு ஞாபகம் ஜாஸ்தி!

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற நான், அறுபது வயசில் பூக்கட்டக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். என் சம்சாரம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்துவிட்டாள்.

காரணம், அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். வயசு எண்பத்திரண்டு. மறதி நோய். காலையில் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு ஞாபகத்தில் இல்லை. என்னைப் பார்த்தால், "வாங்க சாமி... யாரு வேணும்?" என்பாள். பெத்த தாய் நம்மை 'வாங்க' என்று கூப்பிடுவது இருக்கிறதே, அந்த மரியாதை யாருக்கும் வேண்டாம்.

ஒரு நாள் தங்கச்சி பிச்சிப்பூவையும் நனைத்த வாழைநாரையும் அவள் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் ஒரு முழம் ரெடி! இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, விரலில் ஒரு சுருக்கு, இழு. கண் எங்கேயோ பார்க்கிறது. கை பாட்டுக்கு ஓடுகிறது. "சுருக்கு எப்படிம்மா போடுறே?" என்றேன். அவ்வளவுதான், கை நின்றுபோனது. என் கேள்வி மறந்த பிறகுதான் மறுபடி ஓடியது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நிற்க ஆபரேஷன் செய்தார்கள். மூளையின் இரண்டு பக்கமும் 'ஹிப்போகாம்பஸ்' பகுதியில் பெரும்பாகத்தை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து புதிதாக நடந்த எதுவும் அவர் மனசில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற மனோதத்துவ நிபுணர், கையை மறைத்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சி. நாளுக்கு நாள் தப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆனால், முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில் இல்லை!

நடந்ததைப் பூட்டி வைக்கிற பீரோ வேறு, கைப்பழக்கத்தை வைக்கிற பீரோ வேறு. அம்மாவுக்கு முதல் பீரோவின் சாவி தொலைந்துவிட்டது. சிறுமூளை பக்கம் இருக்கிற இரண்டாவது பீரோ இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதுசா என்ன? ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாக இலையில் செய்கிறார்கள், மாதுளம்பூ அலகு வைத்து. பார்த்துப் பார்த்துக் கை பழகுகிற வித்தை அது.

சரி, இந்த பீரோ மூடுவதற்குள் நாமும் கற்றுக்கொள்வோம் என்று இறங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஒரே மூச்சு. கடைசியில் இரண்டு முழம்! தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு உட்கார்ந்தால், சுருக்கு எந்த விரலில் என்றே தெரியவில்லை.

1978-ல் பிரிட்டனில் இதே கதை வெளிவந்திருக்கிறது. தபால் இலாகா ஊழியர்களுக்கு டைப் அடிக்கப் பயிற்சி. சிலருக்குத் தினம் ஒரே மணி நேரம். சிலருக்கு இரண்டு இரண்டு மணியாக நாலு மணி நேரம். செலவழித்த மணிக்கணக்குப்படி பார்த்தால், ஒரு மணி நேரக்காரர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அதிகம் குறைப்பட்டுக்கொண்டதும் அவர்கள்தான். நாள் இழுக்கிறதாம்!

அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். அரை மணி நேரம் மட்டும். போனதும் அம்மாவைப் பார்க்காமல் முதலில் நானே கட்டிப் பார்ப்பேன். மாட்டிக்கொண்டால்தான் அவள் கையைப் பார்ப்பது. பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். நாரைத் தொட்டால்தான் வண்டவாளம் தெரியும். ராத்திரி நல்ல தூக்கம் வேண்டும். கை படித்த பாடத்தை மூளை தூக்கத்திலும் உறுதிப்படுத்திக்கொள்கிறது. (மத்தியானத் தூக்கத்துக்கும் இதையே சொல்லிப் பார்த்தேன். சம்சாரம் ஒத்துக்கொள்ளவில்லை.)

மூன்றாவது வாரம் ஒரு நாள், நார் தளர்ந்து பூ உதிர்ந்தது. பட்டென்று என் கையில் ஒரு அடி.

"இழுத்துப் புடிடா!"

டா! நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, நாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில், "காப்பி சாப்பிடுறீங்களா சாமி?" என்றாள்.

இப்போது அரை மணியில் ஒன்றரை முழம் கட்டுகிறேன். அம்மா அதை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு கடைசி அரை முழத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, தானே கட்ட ஆரம்பிப்பாள்.