கருவி அறிந்து செயல்

நுழையும்முன்
ஒரு வினையைத் தொடங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய ஐந்தனுள் கருவியையும் ஒன்றாக 'வினைசெயல்வகை' அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். கருங்கல்லையும் ஜிப்சம் பலகையையும் வெட்டும் முறைகளில் அவ்வுண்மை விளங்குவதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்லின் இயல்பு
திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் உள்ளது. காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால், சேஷராயர் மண்டபத் தூண்களில் பாய்ந்தெழும் குதிரைகளைக் காணலாம். இவற்றைப் படைத்தோர் கல்லின் தன்மையை நன்குணர்ந்தவர்கள். கருங்கல் அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும். இழுவிசையை அவ்வளவு தாங்காது. ஆகவே, கல்லுடைப்போர் நேர்கோட்டில் குழிகளை வரிசையாக இட்டு, அவற்றுள் இரும்பு ஆப்புகளைச் செருகிச் சம்மட்டியால் மாறிமாறி அடிப்பர். ஆப்புகள் பக்கவாட்டில் நெருக்க, கல் அக்கோட்டின் வழியே பிளக்கும்.

நகத்தால் கீறத்தக்க கனிமம்
முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்த, இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் படிவுகளில் ஜிப்சம் கிடைக்கிறது. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் படிகக்கல் 7 எனில், ஜிப்சம் 2 மட்டுமே. இதனைச் சூடேற்றினால் தன்னுள் உள்ள நீரின் முக்கால் பங்கை இழந்து பொடியாகும். அப்பொடியில் நீர் கலந்தால் மீண்டும் இறுகும். இவ்வாறு இறுகிய ஜிப்சத்தை இரு தாள்களுக்கிடையே பொதிந்ததே இன்று வீடுகளின் உட்கூரைகளிலும் தடுப்புச் சுவர்களிலும் பயன்படும் பலகை.

எதற்கு எக்கருவி?
இப்பலகையில் வளைவைத் தாங்கும் வலிமை தாளுக்கே மிகுதி. உள்ளீடோ எளிதில் முறியும். எனவே, அளவுகோலை வைத்து, கூரிய கத்தியால் மேல்தாளைக் கீறி, பலகையைப் பின்புறமாக மடக்கினால் உள்ளீடு கோட்டின் வழியே முறியும். பின் மறுபுறத் தாளை அறுத்தல் வேண்டும். சிறு துண்டுகள் வேண்டுமெனில், முதலில் பலகையை நீண்ட பட்டைகளாக்கிப் பிறகு குறுக்கே வெட்டுதல் நன்று. மிகக் குறுகிய பட்டையில் பிடிக்க இடம் குறைவாதலால் இருபுறமும் கீறிய பின்னரே முறிக்க வேண்டும். பலகையின் நடுவே மின்பொத்தானுக்குத் துளையிடக் கத்தி உதவாது. கூர்முனை கொண்ட சிறு கைவாளே ஏற்றது. மின்வாள் விரைவாக வெட்டினும் தூசியை மிகுவிக்கும்.

தெரிந்து தெளிவோம்
கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து, குணப்படுத்த இயலாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். ஜிப்சம் பலகைத் தூசி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். எனவே, முகக்கவசமும் கருவிகளுள் ஒன்றே.

வலியதைப் பிளக்க ஆப்பு, மெலியதை முறிக்கக் கத்தி. கருவிகள் வேறாயினும் நெறி ஒன்றே: முதலில் கோட்டை வலுவிழக்கச் செய்து, பின்னரே விசையைச் செலுத்துதல். பொருளின் இயல்பறிந்து கருவியைத் தேர்ந்தால் பொருளும் வீணாகாது. உழைப்போர் உடலும் நலியாது.